மருத்துவம் கிடைக்காவிட்டால் பல்பகுதிய விஞ்ஞானமா? கிளிநொச்சித் தந்தை ஒருவருக்கு

ஐயா, மருத்துவம் கிடைக்காவிட்டால் மகள் பல்பகுதிய விஞ்ஞானம் படிப்பது பற்றி, “பிளாஸ்ரிக்கைப் படித்து என்ன செய்யப் போகிறாள்” என்று கேட்டிருக்கிறீர்கள். பல்பகுதியம் (பொலிமர்) என்பது சிறு அலகுகள் சங்கிலிபோல் கோத்த நீண்ட மூலக்கூறு. இது வாளியும் கதிரையும் பற்றிய படிப்பு அல்ல. கண்ணில் பொருத்தும் மென்மையான வில்லை, எரிகாயத்துக்கு வைக்கும் ஈரக்கட்டு, குழந்தையின் பம்பர்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது தண்ணீரைப் பிடித்துவைக்கும் பல்பகுதியக் கூழ்தான்.

பிள்ளைக்கு இதில் உண்மையான நாட்டம் உண்டா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பம்பர்ஸைக் கிழித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பஞ்சை உதறி வெள்ளைத் தூளை எடுக்கட்டும். மூன்று கிளாஸில் 1 கிராம் வீதம் போட்டு 100 மில்லிலீற்றர் வீதம் ஊற்றட்டும்: ஒன்றில் பற்றரித் தண்ணீர் (அசிட் அல்ல, காய்ச்சி வடித்த நீர்), ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் 0.9 கிராம் உப்புக் கரைத்த பற்றரித் தண்ணீர். முதல் கிளாஸைக் கவிழ்த்தாலும் விழாது. உப்புக் கிளாஸில் ஒரு பகுதி தண்ணீராகவே நிற்கும்.

காரணம் அந்தத் தூளின் பல்பகுதியச் சங்கிலியில் இருக்கிறது. அதன் நெடுகிலும் மறை (நெகற்றிவ்) ஏற்றமுள்ள அணுக்கூட்டங்கள். ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விரியும். உள்ளே சிக்கிய சோடியம் அயன்கள் தண்ணீரை இழுக்கும். வெளியிலும் உப்பு இருந்தால் அந்த இழுவை குறையும். கேத்திலில் வெள்ளையாய்ப் படியும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் உண்டு. அது இரண்டு கூட்டங்களைச் சேர்த்துப் பிடித்து வலையை இறுக்கிவிடும். சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பே இல்லையென்றால் தூள் கரைந்து வழவழவென்று ஓடும், பிணைப்பு மிஞ்சினால் வீங்காது. மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துவிடும்.

பூநகரிப் பக்கக் கடலில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலும் இதே கதைதான். அதிலிருந்து வரும் கப்பா கராஜினன் என்ற கூழாக்கும் பொருளில் இரண்டு வெல்ல அலகுக்கு ஒரு சல்பேற்று, அதுவும் மறை ஏற்றக் கூட்டம்தான். பொற்றாசியம் சேர்த்தால் சங்கிலிகள் சுருளாய்ச் சேர்ந்து இறுகிய கூழ். மூன்று சல்பேற்றுள்ள லம்டா என்ற இன்னொரு கராஜினன் வகை அப்படிச் சுருளாய்ச் சேராது, தண்ணீரைத் தடிப்பாக்கும், அவ்வளவுதான்.

இனி வழி. உயிரியல் பிரிவுப் பிள்ளைக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடையாது. அதைக் காட்டி ஆறுதல் சொல்லாதீர்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பல்பகுதிய விஞ்ஞானத்துக்குத் தனித் துறையே உண்டு. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்துப் பட்டப்பின் படிப்பில் இதற்குத் திரும்பலாம். இறப்பர் கையுறை, ரயர் வேலைகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம். அனுப்ப மனமில்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மேலே எழுதிய பாடநெறிக்குப் புள்ளி போதுமானால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். ஒழுங்கை அவள் எழுதட்டும்.