நோர்வேயில் வாக்கு ஆளுக்கா, பட்டியலுக்கா?

தம்பி, "இங்கே பாராளுமன்றத் தேர்தலில் கட்சிப் பட்டியலைத்தான் பெட்டிக்குள் போடுகிறார்கள், பிடித்த ஆளுக்கு விருப்பு வாக்குப் போட வழியில்லை, பிறகு எப்படி அவர்களை மக்கள் தெரிவு என்பது?" என்று கேட்டிருந்தீர்கள். இலங்கையில், ஊரில் கட்சிக்கு ஒரு புள்ளடி, மூன்று பேருக்கு விருப்பு வாக்கு என்று போட்டு வந்த எங்களுக்கு இந்தக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம்.

நோர்வேயும் இதற்கு நேராக வந்து சேரவில்லை. 1814 அரசியலமைப்பின்படி மக்கள் முதலில் தெரிவாளர்களைத் தெரிவுசெய்வார்கள். அவர்கள் கூடித்தான் ஸ்டோர்டிங் எனும் நோர்வேப் பாராளுமன்றத்தின் உறுப்பினர்களைத் தேர்ந்தார்கள். 1906 தேர்தலில்தான் மக்கள் தாங்களே நேரே வாக்களித்தார்கள். அப்போது ஒரு தொகுதிக்கு ஒரு ஆள். நீங்கள் விரும்பும் முறை கிட்டத்தட்ட அதுதான். ஆனால் 1915இல் என்ன நடந்தது பாருங்கள்: தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டவாக வாக்கெடுத்தது, கிடைத்ததோ 123 இடங்களில் 19. அந்த அநியாயத்துக்குப் பிறகுதான் 1921இலிருந்து பட்டியலும் விகிதாசாரமும் வந்தன. இன்று 169 உறுப்பினர்கள், 19 மாவட்டங்கள். அதில் 19 இடங்கள், மாவட்டக் கணக்கில் குறைத்துப் பெற்ற கட்சிகளுக்குச் சமன் செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டவை.

ஆகவே பட்டியல் முறையை மக்களாட்சிக்கு விரோதமானது என்று சொல்ல நான் உடன்படமாட்டேன். எங்கள் விருப்பு வாக்கு என்ன செய்தது? ஒரே கட்சிக்காரர் எதிர்க்கட்சியை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே அடிபட்டார்கள். காசுள்ளவர் முன்னுக்கு வந்தார். அதோடு, இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 பேரில் 29 பேர், மாவட்டத்தில் வெல்லாமல் கட்சியின் தேசியப் பட்டியலால் போகிறவர்கள். அந்த இடத்துக்குத் தேர்தலில் தோற்றவரைக்கூட அனுப்பியிருக்கிறார்கள். இங்கே பட்டியலின் வரிசை வாக்களிப்புக்கு முன்னமே எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது.

என்றாலும் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. பாராளுமன்றத்தில் யார் உட்காருவது என்பதை அந்த வரிசைதான் தீர்க்கிறது, வரிசையைத் தீர்ப்பது வேட்பாளர்களைத் தெரிவுசெய்யும் கட்சியின் நியமனக் கூட்டம். அங்கே வந்திருப்பவர்கள் சொற்பப் பேர். உள்ளூராட்சித் தேர்தலில் உள்ளதுபோல, பெயருக்கு நேரே போடும் வாக்கு பாராளுமன்றத்திலும் ஓரளவுக்காவது எண்ணப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொம்யூன் (உள்ளூராட்சி) தேர்தலில் அது உண்மையாகவே ஆளை மேலே தூக்குகிறது. வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்கள் பலர் பட்டியலின் அடியிலிருந்து ஏறி வந்தது அந்த வாக்கால்தான்.

எங்கள் தமிழ்ப் பெண் கம்ஷாஜினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் தொழிற்கட்சியின் ஒஸ்லோ பட்டியலில் ஸ்டோர்டிங்குக்குப் போனார். எங்கள் சனம் பெருமையாகப் பேசுவது அந்த இரண்டு பதவிகளைப் பற்றித்தான். பட்டியலில் வெல்லக்கூடிய இடம் கிடைக்கும்வரை கட்சிக்குள் செய்த வேலையை யாரும் பேசுவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்டோர்டிங் தேர்தலுக்குக் குடியுரிமை வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். கொம்யூன் தேர்தலில், நோர்வேயில் தொடர்ந்து மூன்று வருடம் பதிவிலிருந்தால் வாக்குப் போடலாம். அடுத்தது 2027 செப்டெம்பரில். பட்டியல்கள் அந்த வருடம் மார்ச் 31க்குள் போய்விடும், ஆட்களைத் தெரிவுசெய்வது அதற்கும் முன்னம். உங்களுக்குச் சரியென்று படும் கட்சியின் உள்ளூர்க் கிளையில் இப்போதே சேருங்கள். மொழி தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை, நியமனக் கூட்டத்தில் கை உயர்த்தினால் அதையும் எண்ணுவார்கள்.