மைதாவை வெளுக்கப் போடும் பவுடர் ஆபத்தா? மில் லேபில் இருந்தவள் சொல்கிறேன்

கேள்வி: மைதாவை வெள்ளையாக்கச் சேர்க்கும் பென்சாயில் பெராக்சைடு உடம்புக்குக் கெடுதலா? சில நாடுகளில் தடையாமே?

குடும்ப வாட்ஸாப் குழுவில் யாரோ ஒரு சித்தப்பா வீடியோ அனுப்பியிருப்பார். அன்றைக்குப் பார்த்து நீங்கள் பரோட்டா பார்சல் வாங்கிப் போயிருப்பீர்கள். அப்படித்தான் இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மதுரைப் பக்கம் ஒரு ரோலர் பிளவர் மில்லின் லேபில் நான்கு வருஷம் இருந்தேன். "மில்காரி வேறு எப்படிப் பேசுவாள்" என்று உடனே ஆரம்பிக்க வேண்டாம். அங்கிருந்து வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, வந்த விதமும் அவ்வளவு சுமுகமில்லை.

தடை என்பது உண்மைதான். ஐரோப்பிய நாடுகளில் மாவுக்கு இதைப் போடக் கூடாது. சீனாவில் 2011 மே 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் அனுமதி உண்டு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரை விடுகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் இங்கே பேக்கரி மைதாவுக்கு 40 மில்லிகிராம் என்று விதி. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 2 கிராம். தனியாக உலர்ந்த நிலையில் வெடிக்கக்கூடிய சாமான் என்பதால் ஸ்டார்ச் மாதிரி எதிலாவது கலந்துதான் வரும். மில்லில் அதற்குப் பெயர் வெறும் 'பவுடர்'.

முகப்பருவுக்குத் தடவும் களிம்பில் இருப்பதும் இதேதான். மாவில் விழுந்ததும் கோதுமையின் மஞ்சள் நிறத்தைச் சிதைத்துவிட்டு, தானும் பென்சாயிக் அமிலமாக மாறிவிடும். ஒன்றிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். பென்சாயிக் அமிலம் என்றால், ஸ்குவாஷ் கெடாமல் இருக்கச் சேர்க்கிறார்களே, அந்த வகை. உடம்பு அதைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால் அந்த அளவில் அதை விஷம் என்று சொல்ல மாட்டேன். அவசியமா என்றால், இல்லை. சீனா சொன்ன காரணமும் அதுதான்: தேவையில்லாததை ஏன் போட வேண்டும்?

"அளவு மீறினால்?" என்பீர்கள். நியாயம். மாவில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவும் கருவியான ஃபீடரிலிருந்து விழுவதை ஒரு நிமிஷம் தட்டில் பிடித்து நான் எடை போட்டுப் பார்ப்பேன். எல்லா மில்லிலும் பார்ப்பார்கள் என்று சத்தியம் பண்ண முடியாது.

இப்போது என் கதை. 2012 வாக்கில், எனக்கும் உங்களை மாதிரியே ஒரு உறுத்தல். முதலாளியிடம் போய், "அண்ணாச்சி, பவுடரை நிறுத்திப் பார்ப்போமா?" என்றேன். மாவு கொஞ்ச நாள் காற்றோட்டமாகக் கிடந்தால் தானாகவே வெளுக்கும், பவுடர் காசும் மிச்சம் என்றேன். காசு என்றதும் அவர் சம்மதித்துவிட்டார். ஆனால் கிடப்பில் போட மட்டும் சம்மதிக்கவில்லை. குடோனில் மாவு நின்றால் வண்டு வரும், போட்ட பணமும் நிற்கும். அரைத்த மறுநாளே 40 மூட்டை விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடைக்குப் போயிற்று.

போன மூன்றாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தது. கடைக்காரர் போனில் கத்தினார். "ஏம்மா, பழைய மாவைத் தள்ளிவிட்டுட்டீங்களா? மஞ்சளா இருக்கு, என் ரொட்டிக்கல்லுல போட்டா கஸ்டமர் என்ன நினைப்பான்?"

அதைவிடப் புது மாவு அவர் வாழ்க்கையில் வாங்கியிருக்க மாட்டார்.

லேபில் ஒரு சோதனை உண்டு, பெக்கர் என்போம். சின்னப் பலகையில் பவுடர் போட்டது, போடாதது என்று இரண்டு மாவையும் ஒட்டினாற்போல வைத்து, தட்டைக் கரண்டியால் வழவழவென்று அழுத்தி, சாய்வாகத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் பட்டதும் நிறம் பளிச்சென்று பிரிந்து தெரியும். ஒரு பாதி சுண்ணாம்பு, மறுபாதி சந்தனம். தவிட்டுப் புள்ளி இரண்டிலும் ஒரே அளவு, அதாவது தரம் ஒன்றுதான், நிறம்தான் வேறு. அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணாச்சியிடம் காட்டினேன். "புள்ளியை யாரும்மா பார்க்கிறான், வெள்ளையாத்தான் இல்லையே" என்றார். போக வர லாரி வாடகையும் இறக்குக்கூலியும் என் தீபாவளி போனஸில் கழிந்தன. பவுடர் மறுபடி வந்தது.

(பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத மில் அது. நான்கு வருஷமும் எதிரே இருந்த முதலாளி வீட்டுக்கு ரோட்டைக் கடந்து போய்வந்தேன். நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்களுக்கு நாலு செங்கல் வைக்க மனசு வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

சரி, வீடியோவில் 'அலாக்ஸான்' என்றும் வந்திருக்குமே? சோதனைச்சாலையில் எலிக்கு ஊசி போட்டுச் சர்க்கரை நோய் உண்டாக்கப் பயன்படுத்தும் பொருள் அது, 1943இலிருந்து தெரிந்த சங்கதி. அதை மூட்டை மூட்டையாக யாரும் மைதாவில் கொட்டுவதில்லை. சில வகை வெளுப்பில் மிகச் சிறு அளவு தானாக உண்டாகலாம் என்பார்கள், அவ்வளவுதான். எலியின் கணையம் பட்ட பாட்டை மனிதக் கணையம் அவ்வளவு சுலபமாகப் படுவதுமில்லை. என் அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. பரோட்டா அவருக்கு ஆகவே ஆகாது, மூன்று வேளையும் சோறு. அதற்காகப் பரோட்டா நல்லது என்றா சொல்கிறேன்? தவிடும் முளையும் போன மாவு, மேலே எண்ணெய். நாலு பரோட்டா தின்றால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? அதற்குப் பவுடர் தேவையில்லை.

எல்லாப் பவுடரும் அப்பாவி என்றும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நைட்ரஜன் டிரைகுளோரைடு வாயுவால் மாவை வெளுத்தார்கள். அந்த மாவைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு வந்ததை 1946இல் மெல்லன்பி என்ற விஞ்ஞானி காட்டிய பிறகுதான் கைவிட்டார்கள். பொட்டாசியம் புரோமேட் வெளுப்புக்கு அல்ல, ரொட்டி உப்புவதற்கு. அது புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற சந்தேகம் பழையது, இங்கே தடை வந்தது 2016இல்தான். ஆகவே 'அரசு அனுமதித்தது' என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்கும் ஒட்டிவிட வேண்டாம், அதுதான் என் கோபம்.

அந்த 40 மூட்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு ஓரமாக ஒன்றரை மாதம் கிடந்தது. பிறகு சலித்து, புது மூட்டையில் போட்டு, அதே விருதுநகர் கடைக்கே அனுப்பினார்கள். எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. "இதும்மா மாவு" என்று போன் வந்தது.

உங்களுக்கு உறுத்தலாக இருந்தால் வெளுக்காத மைதா என்று பாக்கெட்டில் போட்டதைத் தேடி வாங்குங்கள். லேசாக மஞ்சளாக இருக்கும். தயவுசெய்து கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.