வயதானால் இசைத்தட்டுதான் பிடிக்குமா?

வயது ஏற ஏறக் காது அனலாக் ஒலியைத்தான் (இசைத்தட்டு, கேசட் போன்றவற்றின் ஒலியைத்தான்) நாடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காது நாடுவதில்லை, நினைவுதான் நாடுகிறது என்பேன்.

இளம்செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரை கேட்கும். வயதாகும்போது முதலில் மங்குவது அந்த உச்ச அதிர்வெண்கள்தான். டிஜிட்டல் வடிவமான சிடியோ, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, 22,000 ஹெர்ட்ஸ் வரை பதிந்து வைக்கிறது. ஆக, அறுபது வயதுக்காரர் “டிஜிட்டலில் ஏதோ விட்டுப்போகிறது” என்றால், விட்டுப்போனது சிடியில் அல்ல. (இதை ராயபுரத்தில் என் பெரியப்பாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இசைத்தட்டின் ‘கதகதப்பு’ பொய்யல்ல. ஊசி பள்ளத்தில் உரசும் மெல்லிய இரைச்சலும் சிறு ஒலித்திரிபும் சேர்ந்து அந்தக் குணத்தைத் தருகின்றன. குறைதான், ஆனால் பழகினால் இனிக்கும் குறை. பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள் மனத்தில் ஆழமாகப் பதிவதால், அவற்றோடு வந்த இரைச்சலும் பாட்டின் பகுதியாகிவிடுகிறது. பெரியப்பாவின் கேசட்டுகளில் பாதி, கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடித்தவை. பென்சிலை நுழைத்து நாடாவைச் சுற்றிய பிறகுதான் அவருக்குப் பாட்டே தொடங்கும்.

ஆனால் வயதை மட்டும் வைத்துக் கணித்தால் தவறும். அமெரிக்காவில் 2020இல் இசைத்தட்டு வருமானம் சிடியை முந்தியது. வாங்கியவர்களில் இளைஞர்கள் ஏராளம். பெரம்பூரில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது. பழைய பிளேயர் ஒன்று வாங்கியிருக்கிறாள். கைப்பேசியில் பாட்டைப் பாதியில் தாண்டிவிடுகிறோம், தட்டில் அது அவ்வளவு எளிதல்ல என்கிறாள். பெரியப்பாவோ இப்போது யூடியூபில்தான் கேட்கிறார்.