ரத்தத்தில் பார்த்தால் தெரியுமா?

அன்புள்ள ஐயா,

போன ஆவணியில் என் தம்பி தற்கொலை செய்துகொண்டான். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைவதுதான் காரணம் என்று படித்தேன். அவன் மகனுக்கு 19 வயது. இப்போது அறையை விட்டே வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்தால் பாதி அப்படியே இருக்கிறது. அவனுக்கு ரத்தத்தில் செரட்டோனின் அளவு பார்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். ரத்தத்தில் அது தெரியாது. நம் உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாவது. அதைத் தட்டணுக்கள் ஏற்றிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகின்றன. மூளைக்குள் அது போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

நீங்கள் படித்ததற்கு அடிப்படை உண்டு. ஸ்டாக்ஹோமில் மரீ ஆஸ்பெர்க் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருந்த 68 பேரின் முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தார். செரட்டோனின் சிதைந்தபின் மிஞ்சும் பொருள் யாருக்கு மிகக் குறைவோ, அவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள் அதிகம். 1976இல் அதை வெளியிட்டார். பிற்பாடு நியூயார்க்கில் ஜான் மேனும் விக்டோரியா அராங்கோவும் தற்கொலையால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார்கள். கண்குழிக்கு மேலே இருக்கும் பகுதியில் செரட்டோனினின் வேலை குறைந்திருந்தது. ஒரு வேகம் கிளம்பும்போது ‘கொஞ்சம் பொறு’ என்று பிடித்து நிறுத்துகிற இடம் அது. துயரம் வேறு, அந்தப் பிடி தளர்வது வேறு. இரண்டும் சேர்கிற நேரம்தான் ஆபத்து என்று நினைக்கிறேன். ஆனால் ஆஸ்பெர்க் பார்த்தவர்களில் அளவு குறைந்த எல்லோரும் முயலவில்லை. அப்பாவுக்கு நடந்தது மகனுக்கு விதி என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

பையனிடம் நேராகவே கேளுங்கள், “சாகணும்னு தோணுதாப்பா?” என்று. கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் முதல் சில வாரம் கண் வைத்திருங்கள். 25 வயதுக்குக் கீழ் சிலருக்கு அந்தச் சமயத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம். அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி, டெலி மானஸ், எண் 14416. ராத்திரியிலும் தமிழில் பேசலாம், இலவசம். நீங்களும் பேசுங்கள், தம்பியை இழந்தவர் நீங்கள்.

அப்புறம், இன்று அந்தத் தட்டைக் கதவோரம் வைக்காதீர்கள். உள்ளே கொண்டுபோய், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பெரியப்பாவாகப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.