அக்னிவீரில் சேர்ந்தால் வாழ்க்கை செட்டிலா?

கேள்வி: வயது 20. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறேன். கையில் 17,000 ரூபாய் வருகிறது. அக்னிவீர் ஆன்லைன் தேர்வில் பாஸாகிவிட்டேன். "கவர்ன்மென்ட் வேலை, பென்ஷன் வரும், போ" என்கிறார் அப்பா. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: ராணுவத்துக்குப் போங்கள், நல்ல முடிவுதான். ஆனால் பென்ஷனை நம்பிப் போகாதீர்கள். அப்பா சொல்வது பழைய சிப்பாய் வேலை: 15 வருட சர்வீஸ், ஆயுளுக்கும் பென்ஷன், கேன்டீன் கார்டு. 2022-ல் அக்னிவீர்களை நான்கு வருடத்துக்கு மட்டும் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்ததும் அது மாறிவிட்டது. நான்கு வருடம் முடிந்ததும் ஒரு பேட்ச்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது. முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கிடையாது.

பணத்தைப் பார்த்தால் ராணுவம்தான் மேல். முதல் வருடம் மாதம் 30,000. அதில் 9,000 சேவா நிதிக்கு (கடைசியில் மொத்தமாகத் தரும் சேமிப்பு) போக, கையில் 21,000. நான்காம் வருடம் 40,000-ல் கைக்கு 28,000. பிடித்த அளவுக்கு அரசும் போடும். முடியும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் செலவில்லை. ஓசூரில் ரூம் வாடகையும் மெஸ் பில்லும் கட்டியபின் உங்களிடம் என்ன மிஞ்சுகிறது என்று எழுதிப் பாருங்கள்.

ரிஸ்க் 24 வயதில்தான் வரும். கூடப் படித்தவர்களுக்கு நான்கு வருட மெஷின் அனுபவம் இருக்கும், உங்களுக்கு இருக்காது. பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் போன்ற மத்திய ஆயுதப் படைகளில் ஒதுக்கீடு உண்டு, ஆனால் அது வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. பிடிக்கவில்லை என்று பாதியில் திரும்பவும் முடியாது. மிக அரிதாக அனுமதி கிடைத்தாலும் அரசின் பங்கு கைக்கு வராது.

அதனால் சேர்ந்த முதல் வருடமே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரிக்குப் பதிந்துவிடுங்கள். அக்னிவீர்களுக்கான படிப்பில் ராணுவப் பயிற்சியையே பாதி கிரெடிட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். டிகிரி கையில் இருந்தால் ராணுவ அதிகாரிகளுக்கான சிடிஎஸ் தேர்வு எழுதி, சென்னை பரங்கிமலையில் பயிற்சி பெற்று ஷார்ட் சர்வீஸ் (குறுகிய காலப் பணி) அதிகாரியாகலாம். வயது வரம்பு நெருக்கும், தள்ளிப்போடாதீர்கள். (அந்த ஷார்ட் சர்வீஸும் 10 வருடம்தான், 14 வரை நீட்டிக்கலாம். அதிலும் பென்ஷன் இல்லை.)

சேவா நிதியைப் பற்றி வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். கல்யாணச் செலவு, பழைய கடன் என்று அது கரைந்துவிட்டால், அடுத்த வேலை தேடும் மாதங்களை எதை வைத்து ஓட்டுவீர்கள்?

இன்னொன்று, ஆன்லைன் தேர்வு முதல் கட்டம்தான். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், மெடிக்கல், மெரிட் லிஸ்ட் எல்லாம் பாக்கி. சேரச் சொல்லும் உத்தரவு கைக்கு வரும்வரை ஓசூர் வேலையை விடாதீர்கள்.