சென்னையில் கைடு இல்லாமல் நானே நடந்து பார்க்க, மெரினா அல்லாத ஒரு பாதை சொல்ல முடியுமா?

முடியும். நீங்கள் வெளியூர்க்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கையில் இருக்கிறது, காசு கட்டிக் குழு நடையில் சேரலாமா என்று யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சேர வேண்டாம். ராயபுரம் ரயில் நிலையத்தில் ஆரம்பித்துப் புனித ஜார்ஜ் கோட்டையில் முடியுங்கள். எல்லாம் சேர்த்து நாலைந்து கிலோமீட்டர்தான்.

நான் வரலாற்று ஆசிரியர் இல்லை. லிங்கி செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் 22 வருஷம் குப்பை கொட்டியவன். ரிட்டையர் ஆனதும் என் மகள் ஆசையாக ஒரு குழு நடைக்குப் பணம் கட்டி அனுப்பினாள். வந்த பதினாலு பேரில் பாதிக்கு மேல் நம்ம ஆட்கள். வழிகாட்டிய தம்பி ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். அரண்மனைக்காரன் தெருவில் நின்றுகொண்டு, இங்கே நவாபின் அரண்மனை இருந்தது, அதனால் இந்தப் பெயர் என்றார். தம்பி, அது ஆர்மேனியன் தெரு, நம்ம சனங்க வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது என்றேன். "அங்கிள், கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் எங்கே கேள்வி கேட்டேன்? (நல்ல குழுக்களும் இருக்கின்றன, தெரியும். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

அந்த ரோஷத்தில்தான் என் மச்சினன் தூத்துக்குடியிலிருந்து வந்தபோது நானே கூட்டிக்கொண்டு போனேன். ராயபுரம் நிலையத்துத் தூண்களைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அங்கிருந்து தெற்கே வந்தால் ராஜாஜி சாலை. ஒரு காலத்தில் அலை இந்தச் சாலையோரம் வரை வரும். கப்பல்கள் தூரத்தில் நிற்க, மனுஷரையும் மூட்டையையும் மசூலா படகில் கரை சேர்த்தார்கள். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கேயிருந்து வரும் மணல் அதில் தடுக்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் கிடைக்காமல் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரித்துக்கொண்டே போனது. ஊரெல்லாம் கொண்டாடும் மெரினாவுக்கு வடசென்னை கொடுத்த விலை அது. இதை மச்சினனிடம் சொன்னபோது அவன் காசிமேட்டு மீன் விலையைத்தான் கேட்டான்.

அப்புறம் சந்துகளுக்குள் நுழையுங்கள். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். அரண்மனைக்காரன் தெருவில் 1772-ஆம் வருஷத்து ஆர்மேனியத் தேவாலயம். உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-இல் அச்சானது சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. தெருவின் சத்தம் உள்ளே வராது. கால் வலித்தால் அங்கே உட்காருங்கள்.

லிங்கி செட்டித் தெருவில் எங்கள் பழைய ஆபீஸ் கட்டடத்தையும் காட்டலாம் என்று போனேன். பர்மா தேக்கு மாடிப்படி, கைப்பிடி வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். இடித்துவிட்டார்கள். முதலாளி கட்டடத்தை விற்ற கையோடு எங்களையும் அனுப்பினார். கிராஜுவிட்டிக்குப் பதினாலு மாசம் அலைந்தேன். போன் செய்தால் சார் பூஜையில் இருக்கிறார் என்பார்கள். எந்த மனுஷன் பதினாலு மாசம் பூஜையில் இருப்பான்? சரி, விடுங்கள்.

பாரிமுனையில் பாரி கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் இருக்கிறது, தவற விடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டுப் போன பிறகு, கோட்டையிலிருந்து சுடுவதற்கு எதுவும் மறைக்கக் கூடாதென்று வெள்ளைக்காரன் நம்ம சனங்க குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தைத் தரைமட்டமாக்கினான். இதற்கு அப்பால்தான் வீடு கட்டலாம் என்று 1773-இல் ஆறு தூண் நட்டான். மிஞ்சியது இது ஒன்றுதான். இன்றைய உயர் நீதிமன்றம் நிற்பது அப்படி இடித்த மண்ணில்.

அடுத்தது எம்டன். கில்லாடியான ஆளை 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்த ஜெர்மன் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு வந்து குண்டு போட்டது. துறைமுகத்தில் எண்ணெய் டாங்குகள் எரிந்தன. ஒரு குண்டு விழுந்த இடத்தில், உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில், கல்வெட்டு இருக்கிறது. ராயபுரத்திலிருந்தே இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டு வந்தேன். போனால் காணவில்லை! சுவரோரமாக மூன்று தடவை போய் வந்தோம். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்ன தேடுறீங்க என்று கேட்டார். எம்டன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன அத்தான், எம்டன் இன்னைக்கும் தப்பிச்சிட்டானா?" என்று மச்சினன் சிரிக்கிறான்.

கடைசியில் ஒரு சாத்துக்குடி ஜூஸ் வண்டிக்காரர்தான் தன் குடையை நகர்த்தி, மடித்து வைத்திருந்த சாக்கை எடுத்தார். பின்னால் கல்வெட்டு. "இதுவா? தெனம் இதுலதானே சாஞ்சுக்கிறேன்" என்றார். இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தோம்.

கோட்டைக்குள் 1680-இல் கட்டிய மேரி தேவாலயமும் அருங்காட்சியகமும் உண்டு. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் பையைத் திறந்து பார்ப்பார்கள், அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் உங்கள் பொறுப்பு. கழிப்பிடத்துக்கு பீச் ஸ்டேஷனை நம்பலாம். மே மாசம் போய்விட்டு வந்து என்னைத் திட்டாதீர்கள்.