கண்ணுக்கு ஊசி எடுக்கும் முன்: கேள்வி பதில்

கண் அறுவை சிகிச்சையில் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறைகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். முழு மயக்கம் கொடுப்பார்களா?

பெரும்பாலும் தேவைப்படாது. சொட்டு மருந்தோ, கண்ணைச் சுற்றி மருந்து செலுத்தி மரத்துப்போகச் செய்யும் பிளாக்கோ போதும். முழு மயக்கம் குழந்தைகளுக்கும், அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும்தான்.

பட்டமேற்படிப்பு மாணவன். பெரிபல்பார் (விழியைச் சுற்றிப் போடும் ஊசி) போடப் பழகிவிட்டேன். சப்-டெனான் (விழியைப் போர்த்திய டெனான் படலத்தின் கீழே மருந்து செலுத்தும் முறை) கற்க வேண்டுமா?

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். சொட்டு மருந்தும் போவிடோன் அயோடினும் விட்டபின், கருவிழி ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி, மூக்குப் பக்கம் கீழே, வெண்விழியின் மேல்தோலையும் அதன் கீழுள்ள டெனான் படலத்தையும் சிறிதாகக் கத்தரிக்கிறோம். வளைந்த மொட்டைக் கான்யூலாவை (மெல்லிய குழலை) விழிச்சுவரை ஒட்டியே பின்னால் நகர்த்தி, 3 முதல் 5 மி.லி. மருந்தை மெதுவாகச் செலுத்துகிறோம். கூர்முனை இல்லாததால் விழியைத் துளைக்கும் ஆபத்து மிகவும் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு விழித்திரைக்காக பக்கிள் (விழியின் வெளிப்புறம் தைக்கும் பட்டை) வைத்த கண்ணில் படலம் ஒட்டிக்கிடக்கும், அங்கே அவசரம் கூடாது. கண் சிவக்கும், கொஞ்சம் உப்பும். வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எந்த ஊசியை எடுத்தாலும் முதலில் விழியின் நீளத்தை (முன்னிருந்து பின்வரை) பாருங்கள். லென்ஸ் பவர் கணக்கிட எப்படியும் அளந்திருப்பீர்கள், எண் கேஸ் ஷீட்டிலேயே இருக்கும். 26 மி.மீ.க்கு மேல் என்றால் கூர் ஊசியைப் பயன்படுத்தாமல் கீழே வைத்துவிடுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) அளவை மருத்துவரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்திலோ சப்-டெனானிலோ செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

30 வருஷமாக “மேலே, மூக்குப் பக்கம் பாருங்க” என்று சொல்லித்தான் ரெட்ரோபல்பார் (விழிக்குப் பின்னால் போடும் ஊசி) போடுகிறேன். ஒன்றும் ஆனதில்லை. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பார்வையை விட்டே ஆக வேண்டும். கண் அப்படித் திரும்பும்போது பார்வை நரம்பு ஊசி வரும் வழிக்கே நகர்ந்து வருகிறது. 1981-லேயே சி.டி. ஸ்கேனில் இதைக் காட்டிவிட்டார்கள். நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். 25 மி.மீ.க்கு மேல் நீளமான ஊசி வேண்டாம்.

பயிற்சிக் காலத்தில், கிட்டப்பார்வைக்கு நெடுங்காலம் கண்ணாடி போட்ட ஒருவரின் நீளமான விழியை ஊசி துளைத்ததை அருகில் நின்று பார்த்தேன். அவர் கண்ணின் நீளம் கேஸ் ஷீட்டில் எழுதியே இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

சொட்டு மருந்து மட்டும் போதாதா?

இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது. ஒத்துழைக்கும் நோயாளி, சிக்கலில்லாத ஃபேகோ (புரையை ஒலி அலையால் உடைத்து எடுக்கும் ஆபரேஷன்), கை தேர்ந்த மருத்துவர் என்றால் போதும். கண் அசையும் என்பதை மறக்காதீர்கள்.

(30 வருஷக்காரர் மறுபடி) அப்படியானால் பெரிபல்பாரில் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. நரம்பிலிருந்து தள்ளிப் போடுவதால் குறைவு, அவ்வளவுதான். அதுவும் கூர் ஊசிதான். நீளமான விழி அதற்கும் ஆபத்துதான்.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்று. பார்வை நரம்பின் உறை மூளை உறையோடு தொடர்ந்தே இருக்கிறது. மருந்து அதற்குள் போனால் மூளைத்தண்டை எட்டும். முதல் 20 நிமிடங்களுக்குள் நோயாளி குழறலாம், சோர்ந்து போகலாம், மூச்சே நிற்கலாம். ஊசி போடாத கண்ணின் பாப்பா விரிந்தால் உடனே உஷாராகுங்கள். அந்த நேரத்தில் மூச்சைத் தாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடுவார்.

முகாமில் ஊசி போட்டு வரிசையாக உட்கார வைக்கிறோம். சரியா?

பல்ஸ் ஆக்சிமீட்டரும், ஆம்பு பேக்கும் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே இருந்தால் சரி. இல்லையென்றால் அடுத்தவருக்கு ஊசி போடாதீர்கள்.